“படுத்தாச் சரிவரும்” என்று நான் சொன்ன இரவு

போன மாரிகாலத்தில் ஓர் இரவு. ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மருமகன், “மாமா, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு” என்றான். முகம் சிவந்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு பனடோல் கொடுத்து, “படு தம்பி, படுத்தாச் சரிவரும்” என்றேன். அது நான் விட்ட பெரிய பிழை.

2009இல், ஒன்பது வயதில், வன்னியில் அவன் முதுகில் ஷெல் துண்டு பாய்ந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. இங்கு வந்து படித்தான், வேலை எடுத்தான், கார் ஓட்டுகிறான். “பிள்ளை தப்பிவிட்டான்” என்று நாங்கள் அந்தக் கதையை முடித்து வைத்திருந்தோம்.

அம்புலன்ஸில் வந்தவர் முதலில் அவனை நிமிர்த்தி இருத்தினார். பிறகு சிறுநீர்க் குழாயைப் பார்த்தார். அது மடிந்து கிடந்தது. நேராக்கியதும் கொஞ்ச நேரத்தில் தலையிடி விட்டது.

முள்ளந்தண்டு வடத்தில் ஆறாவது மார்புப் பகுதியிலோ அதற்கு மேலேயோ காயப்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்து முட்டினாலும் அவர்களுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறும். கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரையும் போகலாம். படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் கூடும். நிமிர்த்தி இருத்த வேண்டும், இறுக்கமான உடுப்பைத் தளர்த்த வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் உடனே 999.

சிறுவயதுக் காயத்தின் சிக்கல் இதோடு முடிவதில்லை. வளரும் உடம்பில் முதுகைத் தாங்கத் தசை வேலை செய்யாததால் முள்ளந்தண்டு வளைகிறது, இடுப்பு மூட்டு விலகுகிறது. எலும்பு மெலிகிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் பழுதாகிறது. பத்து வயதில் இருந்து சில்லு உருட்டிய தோள், முப்பதிலேயே அறுபது வயதுத் தோள் மாதிரி நோகிறது.

லண்டன் தமிழருக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2011 மார்ச் 29 அன்று ஸ்டாக்வெல்லில் உறவினரின் கடைக்குள் நின்ற ஐந்து வயதுத் துஷா கமலேஸ்வரன் துப்பாக்கிச் சூட்டில் நடக்கும் சக்தியை இழந்தார். அன்று எல்லோரும் அழுதோம். அந்தக் குழந்தை இன்று வளர்ந்த பெண். ஊரில் மாங்குளத்தில் இயங்கும் ‘உயிரிழை’யைச் சுற்றியும் போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் அனுப்பும் காசு சக்கர நாற்காலியோடு நின்றுவிடக் கூடாது. படுக்கைப் புண் வராத மெத்தைக்கும், சுத்தமான சிறுநீர்க் குழாய்க்கும், மருத்துவரிடம் போகும் செலவுக்கும் அது போக வேண்டும்.

1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு, இப்படிக் காயப்பட்டவர்களும் நீண்ட காலம் வாழலாம் என்று காட்டியது. ஆனால் நீண்ட காலம் வாழ்வதற்கு நீண்ட காலக் கவனிப்பும் வேண்டும். பதினெட்டு வயதில் சிறுவர் பிரிவு விடை கொடுத்துவிடும். அதற்குப் பிறகு யார் பார்ப்பது என்பதுதான் பல குடும்பங்களில் கேட்கப்படாத கேள்வி. மருமகனும் இடையில் சில வருடங்கள் பரிசோதனைக்கே போகவில்லை. “ஏன் சொல்லேல்லை?” என்றேன். “நீங்கள் எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்கள் மாமா” என்றான்.

இப்போது ஸ்டான்மோரில் உள்ள முள்ளந்தண்டுப் பிரிவுக்குப் போகிறோம். ஸ்ட்ரட்ஃபோர்டில் ஏறினால் ஜூபிலி கோட்டின் மற்றத் தொங்கல். தூரம்தான். ஆனாலும் நானும் கூடவே போகிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை வளர்ந்து நின்றால், “சுகமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “கடைசியாகச் சிறுநீரகத்தை ஸ்கேன் பண்ணினது எப்ப?” என்று கேளுங்கள்.