'சிந்தடிக்' ஆயில் ஊற்றினால் கார் பறக்குமா? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

செங்கல்பட்டு:

காரை சர்வீசுக்கு விட்டதும் வரும் முதல் கேள்வி, "சாதா ஆயிலா, சிந்தடிக்கா சார்?" என்பதுதான். "சிந்தடிக்கே போட்டுடுங்க, பிக்கப் அள்ளும், மைலேஜும் ஏறும்" என்று கூடவே ஒரு சிபாரிசும் வந்துவிடும். விலையைக் கேட்டால் சாதா ஆயிலைப் போல இரண்டு மடங்கு, சில கம்பெனியில் அதற்கும் மேல்.

செங்கல்பட்டு, மறைமலைநகர், மாமல்லபுரம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி அதிகம் இடிப்பது வாடகை கார் ஓட்டுபவர்களைத்தான். மாதம் நாலாயிரம், ஐயாயிரம் கிலோ மீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியாக வேண்டும். கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

சுருக்கமாகச் சொன்னால், சிந்தடிக் ஆயில் என்ஜினுக்குப் புதிதாகச் சக்தி எதையும் கொடுக்காது. இருக்கும் என்ஜினை நீண்ட நாள் காக்கும். அந்தக் காவல் எல்லா காருக்கும் ஒரே அளவில் தேவைப்படாது.

சிந்தடிக் என்றால் என்ன?

என்ஜின் ஆயிலில் பெரும்பகுதி 'பேஸ் ஆயில்'. மீதி, தேய்மானம் தடுக்கவும் கசடு சேராமல் பார்க்கவும் கலக்கப்படும் ரசாயனங்கள். கச்சா எண்ணெயில் இருந்து சுத்திகரித்து எடுத்தால் அது சாதா எனப்படும் மினரல் ஆயில். மூலக்கூறுகளை ஒரே சீராக ரசாயன முறையில் உருவாக்கினால் அது சிந்தடிக். இரண்டையும் கலந்தது 'செமி சிந்தடிக்'.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கச்சா எண்ணெயையே மிகக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் 'குரூப் 3' ஆயிலையும் சிந்தடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனத்துக்கும் காஸ்ட்ரால் நிறுவனத்துக்கும் மோதல் வந்தது. 1999-ல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதனால் டின்னில் 'புல்லி சிந்தடிக்' என்று போட்டிருந்தாலும், உள்ளே இருப்பது எல்லா கம்பெனியிலும் ஒரே சரக்கு அல்ல.

பிக்கப் ஏறுமா?

ஆயில் மாற்றிய அன்று வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுவது உண்மைதான். ஆனால் அது சிந்தடிக்கின் மகிமை அல்ல. கசடாகிப்போன பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் எதை ஊற்றினாலும் சத்தம் குறையும், ஓட்டம் இலகுவாகும்.

என்ஜினுக்குள் ஆயில் தரும் இழுவை அதன் கனத்தைப் பொறுத்தது. ஒரே சூட்டில் ஒரே கனம் உள்ள மினரல் ஆயிலும் சிந்தடிக் ஆயிலும் ஏறக்குறைய ஒரே இழுவையைத்தான் தரும். வித்தியாசம் இருந்தாலும் கருவி வைத்து அளந்தால் தெரியுமே தவிர, ஓட்டுபவர் காலுக்குத் தெரியாது.

மைலேஜ் கணக்கு

சரியான கிரேடு ஆயில் போட்டால் 1 முதல் 2 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்கிறது. இது கிரேடுக்குச் சொன்னது. சாதாவா, சிந்தடிக்கா என்பதற்கு அல்ல.

உதாரணத்துக்கு, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் 10 ஆயிரம் கி.மீ. ஓட சுமார் 667 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் ரூ.100 என்று வைத்தால் ரூ.66,700. இதில் 2 சதவீதம் மிச்சமானாலும் சுமார் ரூ.1,300-தான். சாதா ஆயில் 4 லிட்டர் ரூ.1,400, சிந்தடிக் 4 லிட்டர் ரூ.3,200 என்றால் கூடுதல் செலவு ரூ.1,800. ஆக, மைலேஜை மட்டும் நம்பி சிந்தடிக் ஊற்றினால் கையைக் கடிக்கும்.

அப்படியென்றால் எதற்கு சிந்தடிக்?

சூட்டைத் தாங்கத்தான். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சிந்தடிக் ஆயில்கள் சாதா ஆயில்களைவிட சராசரியாக 47 சதவீதம் மேலாக இருந்தன. ஆனால் அங்கே சோதித்தது வேகத்தையோ இழுவையையோ அல்ல. சூட்டில் கெடுகிறதா, ஆவியாகிறதா, கசடு கட்டுகிறதா, கடுங்குளிரில் ஓடுகிறதா என்பதைத்தான்.

குளிர் விஷயம் நம் ஊருக்குப் பொருந்தாது. டின்னில் '5டபிள்யூ-30' என்று இருந்தால், முதல் பாதி குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்பாதி என்ஜின் சூடானபின் உள்ள கனத்துக்கு. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும் என்ஜினைச் சுழல விடும். செங்கல்பட்டு மார்கழிப் பனிக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆனால் சூடு நம் ஊர் சமாச்சாரம். அக்னி நட்சத்திர வெயிலில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் கார், மாமல்லபுரத்தில் சுற்றுலா பயணிகளுக்காக ஏ.சி. போட்டபடி நிற்கும் டாக்சி, இவற்றில் கிலோ மீட்டர் ஏறாது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஓடும் வண்டிக்கு மீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றக் கூடாது. மேனுவலில் 'கடும் பயன்பாடு' என்று போட்டிருக்கும் குறைந்த கெடுவைத்தான் பின்பற்ற வேண்டும்.

டர்போ என்ஜின் என்றால் சிந்தடிக் அவசியம் என்றே சொல்லலாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஈ.சி.ஆரில் வேகமாக வந்து சட்டென்று ஆப் செய்தால், அந்தச் சூட்டில் சாதா ஆயில் கருகிக் கரியாகப் படியும். சிந்தடிக் போட்டிருந்தாலும் அரை நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது.

"கடல் காத்துக்கு சிந்தடிக்தான் நல்லது" என்பது வெறும் பேச்சு. உப்புக் காற்று பாடியையும் பேட்டரி டெர்மினலையும் அரிக்கும். மூடிய என்ஜினுக்குள் இருக்கும் ஆயிலை அது ஒன்றும் செய்யாது. அங்கே எதிரி மணலும் தூசியும்தான். அதற்கு ஏர் பில்டரை மாற்ற வேண்டும்.

மறைமலைநகர் காரே சாட்சி

விலை கூடிய ஆயிலைவிட சரியான ஆயில் முக்கியம் என்பதற்கு உள்ளூரிலேயே உதாரணம் இருக்கிறது. மறைமலைநகர் போர்டு ஆலையில் தயாரான ஈகோஸ்போர்ட் 2013-ல் விற்பனைக்கு வந்தது. அதில் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ என்ஜின் கொண்ட காரும் உண்டு. அந்த என்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரகம். போர்டு அதற்கென்றே தனி தரம் வகுத்து, 5டபிள்யூ-20 ஆயில்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

எவ்வளவு விலை கூடிய சிந்தடிக்காக இருந்தாலும், அந்தத் தரத்தில் இல்லாததை ஊற்றினாலோ கெடு தாண்டி ஓட்டினாலோ பெல்ட்டின் ரப்பர் உதிரும். அது ஆயில் சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாமல் என்ஜின் சீஸ் ஆகிவிடும். போர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டாலும், இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் இருந்து வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களுக்கும் இதே கதைதான். புகையை வடிகட்டும் பில்டர் உள்ள வண்டிக்கு சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். வேறு ஆயில் போட்டால் பில்டர் அடைத்துக்கொள்ளும்.

பழைய வண்டிக்கு?

லட்சக்கணக்கில் கி.மீ. ஓடி, புகை தள்ளி, ஆயில் குடிக்கும் வண்டிக்கு மெல்லிசான சிந்தடிக் ஊற்றினால் செலவு இரட்டிப்பாகும். தேய்ந்த ரிங் வழியாக ஆயில் இன்னும் சுலபமாக எரியும். டர்போ இல்லாத பழைய பெட்ரோல் காருக்கு மேனுவல் சொல்லும் கிரேடில் நல்ல மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

வாங்கும்போது கவனிக்க

* மேனுவலில் உள்ள கிரேடும் ஏ.பி.ஐ. தரமும் டின்னில் இருக்கிறதா பாருங்கள். விலை அதற்குப் பிறகுதான்.

* சீல் உடையாத டின்னை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டின்னில் ஓட்டை போட்டுவிடுங்கள். பழைய டின்னில் கழிவு ஆயிலை நிரப்பி விற்பவர்களுக்கு அது உதவாது.

* வாரம் ஒருமுறை கேஜ் எடுத்து அளவு பாருங்கள். ஆயில் குறைந்து ஓடினால் எந்த சிந்தடிக்கும் காப்பாற்றாது.

* ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காகவே மாற்ற வேண்டாம். டீசல் வண்டியில் சில நூறு கிலோ மீட்டரிலேயே கறுத்துவிடும்.

* இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். மழை வந்தால் அது கால்வாய்க்கும் கழிமுகத்துக்கும்தான் போகும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்கே அது போக வேண்டும்.

அடுத்த முறை "சாதாவா, சிந்தடிக்கா சார்?" என்று கேட்டால், "மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது" என்று சொல்லிப் பாருங்கள். பர்சும் தப்பும், என்ஜினும் தப்பும்.