உலை கொதிக்குது, உள்ளே வாங்க!

தட்டைப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையில் நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பள்ளிச் சமையலறைக்குள் என்னவெல்லாம் நடக்கிறது? அதைச் சொல்லத்தான் எனக்குக் கை பரபரக்கிறது!

இடம், செஞ்சிக் கோட்டைச் சீமை. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டும் அதைச் சுற்றிய ஊர்களும். நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் விளைகிற மண். நடவென்றாலும் களையெடுப்பென்றாலும் மணிலா பிடுங்குவதென்றாலும், வெயில் ஏறுவதற்குள் அம்மா வயலில் இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் பிள்ளைக்குப் பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் மத்தியானச் சத்துணவு வரைக்கும் வெறும் வயிறு.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பள்ளிகள் 1,545தான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று தமிழ்நாட்டின் அத்தனை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர, சாப்பிடும் பிள்ளைகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

சரி, கதவைத் தள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் யார் தெரியுமா? மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, தன் பிள்ளையை அதே பள்ளியில் படிக்க வைக்கும் அம்மாவுக்குத்தான் முன்னுரிமை. இதைக் கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது! சமைப்பவரின் மகளே தட்டோடு வந்து நின்று “இன்னைக்கி என்னா டிபன்மா?” என்று கேட்கும் சமையலறை இது. தரத்துக்கு இதைவிடப் பெரிய காவல் எங்கே கிடைக்கும்!

விடிந்தும் விடியாத நேரம். முதலில் அடுப்பேறுவது பருப்பு. அது வேகும் நேரத்தில் வெங்காயம், தக்காளி, கேரட், பீன்ஸ் எல்லாம் பொடியாக நறுக்கியாகிவிடும். அளவு கறார்: ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். 60 பிள்ளைகள் என்றால் 3 கிலோ ரவை, 900 கிராம் பருப்பு. கடுகு வெடிக்கிறது, வெங்காயம் வதங்குகிறது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அடுத்துத்தான் எனக்கு மிகப் பிடித்த கட்டம்: ஒருவர் ரவையைத் தூவிக்கொண்டே போக, இன்னொருவர் கை ஓயாமல் கிண்டிக்கொண்டே இருப்பார். நாலு கை சேர்ந்தால் கட்டிக்கு இடமேது!

இந்தத் திட்டத்தின் உணவுப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். ரவா உப்புமா, சேமியா உப்புமா, அரிசி உப்புமா, கோதுமை ரவா உப்புமா, கிச்சடி வகைகள், வெண்பொங்கல், ரவா பொங்கல். உள்ளூரில் கிடைக்கிற சிறுதானியமும் வாரத்தில் 2 நாளாவது சேர வேண்டும். ஏதோ குறைகிறதே? ஆமாம், இட்லியும் தோசையும் இல்லை! தமிழ்நாட்டுக் காலைப் பட்டியலில் இட்லி இல்லையா என்று முதலில் திகைத்தேன். யோசித்தால் விடை அதிலேயே இருக்கிறது. ஊற வேண்டாம், அரைக்க வேண்டாம், மாவு பொங்கியதா என்று பார்க்க வேண்டாம், ஒவ்வொரு ஈடாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அரை மணி நேரம், ஒரே பாத்திரம், எல்லோருக்கும் ஒன்றாகச் சூடு.

மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையாகப் பொறித்து வைத்ததும் இப்படி ஒரு ‘இல்லை’ப் பட்டியல்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஆனாலும் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எழும்பிவிட்டது! அந்தக் குன்று நிற்கும் ஊரில், மாவுச் சட்டி இல்லாத காலைச் சமையலைப் பற்றிப் பேசுவது எனக்குத் தனி உற்சாகம்.

நம் வீட்டுக்கு வருவோம். வேலைக்கு ஓடும் பெற்றோர்களே, இந்தச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. ரவையையும் சேமியாவையும் விடுமுறை நாளிலேயே ஒரு கிலோ வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் அடைத்துவிடுங்கள். அரிசி உப்புமாவுக்குப் பச்சரிசியோடு கொஞ்சம் துவரம்பருப்பு, மிளகு, சீரகம் சேர்த்து மிக்ஸியில் ரவையாக உடைத்து வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. காலையில் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், தாளிப்பு, மூடி போட்ட சிறு தீ, அவ்வளவுதான். கிச்சடி பிள்ளைகளுக்குக் குழைவாக இருக்கட்டும், ஒன்றுக்கு மூன்று தண்ணீர். காய் ஒதுக்குகிற பிள்ளையா? கேரட்டைத் துருவிப் போடுங்கள். பச்சை மிளகாயை மட்டும் நறுக்காமல் கீறிப் போடுங்கள், எடுத்துப் போடச் சுலபம்.

பொங்கலுக்கு அரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. குக்கர் விசில் அடிப்பதற்குள் பிள்ளைக்குத் தலை வாரி முடித்துவிடலாம்! கூடவே இந்தப் பக்கத்து வீடுகளின் வேர்க்கடலைச் சட்னி இருந்தால் சாம்பாரையே மறந்துவிடலாம்.

மத்தியானத்துக்கும் ஒரு புதையல் இருக்கிறது. 1956இல் காமராஜர் மதிய உணவு தந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், பின்னாளில் அதில் கலவை சாதங்கள் வந்தன. கறிவேப்பிலை சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதத்தோடு சுண்டல், வெஜிடபிள் பிரியாணியோடு மிளகு முட்டை! உங்கள் வீட்டு டிபன் பாக்ஸுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டுப் பார்த்த பட்டியல், தைரியமாக நம்பலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். பள்ளிச் சமையலறையில் கிண்ட ஒருவர், தூவ ஒருவர் இருக்கிறார்கள். வீட்டில் மட்டும் எல்லாம் அம்மாவின் இரண்டு கையில் ஏன் விழ வேண்டும்? அப்பாக்களே, கரண்டியை நீங்கள் பிடியுங்கள். ரவையைப் பிள்ளை தூவட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வறுத்து வைத்துவிடுங்கள், திங்கட்கிழமை காலையில் தொடங்கலாம்.