ஹோமோஃபோபியா: சொல்லும் பொருளும்

வெளிமாநிலங்களில் வாழும் நாம் படிக்கும் ஆங்கில நாளேடுகளில் 'ஹோமோஃபோபியா' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. தம் பாலினத்தவரிடமே காதல் கொள்ளும் ஆண்களையும் பெண்களையும் வெறுத்தல், இழித்துரைத்தல், ஒதுக்கிவைத்தல் ஆகியவற்றை அது குறிக்கும்.

அமெரிக்க உளநூல் அறிஞர் ஜார்ஜ் வைன்பெர்க் 1960-களில் இச்சொல்லை ஆக்கினார். 1972-இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரப்பினார். அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் அப்பொழுது தன்பாலீர்ப்பை நோயெனவே கருதியது. 1973-இல்தான் அக்கருத்தைக் கைவிட்டது. ஆராயத்தக்க கோளாறு காதலிப்பவரிடம் இல்லை, அவரைக் கண்டு அருவருப்பவரிடமே உள்ளது என்று இச்சொல் சுட்டிக்காட்டியது. அதன் சிறப்பு இதுவே.

'ஃபோபியா' என்பது அச்சம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. ஆனால், அச்சம் என்பது ஈண்டு முற்றும் பொருந்துமா? உயரத்தைக் கண்டு நடுங்குபவர் தம் அச்சத்தைக் குறையென உணர்வர்; அதனின்று விடுபட விழைவர். தன்பாலீர்ப்பினரை வெறுப்பவரோ தம் வெறுப்பை நியாயம் என்றே கருதுவர். அதனால் துன்புறுபவரும் அவரல்லர், வெறுக்கப்படுபவரே. ஆதலின், உளநூலார் கிரகரி ஹெரெக் 2004-இல், அச்சத்தை விடுத்துத் தப்பெண்ணம் என்னும் பொருள் தரும் சொல்லை ஆளுமாறு பரிந்துரைத்தார்.

தமிழில் இதனை எங்ஙனம் பெயர்ப்பது? 'ஓரினச்சேர்க்கை' என்னும் பழகிய சொல் உடற்செயலை மட்டுமே சுட்டும். 'தன்பாலீர்ப்பு' மன நாட்டத்தையும் உணர்த்தும். எனவே, 'பெண்வெறுப்பு' என்பதைப் போலத் 'தன்பாலீர்ப்பு வெறுப்பு' எனலே பொருத்தமாகத் தோன்றுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இத்துறைக்குரிய கண்ணியமான சொற்களின் பட்டியலொன்றைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. சொல்லிலேயே இழிவு ஏறிவிடக் கூடும் என்பதை அஃது உணர்த்துகிறது.

இச்சொல்லை எங்கே வழங்கலாம்? பள்ளியில் ஒரு சிறுவனை நடையைப் பார்த்து எள்ளுதல், பணியினின்று விலக்குதல், 'குணப்படுத்துவோம்' என்று மகளை வதைத்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும். பிறர் ஊரில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு, ஆளை அறியுமுன் அடையாளத்தைக் கேட்டே கதவடைப்பது எத்தகைய துன்பம் என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய சட்டத்தின் தடை அவ்வளவில் நீங்கியது. தீர்ப்பு எட்டாத இடம் வீடு. அங்கே புழங்கும் வெறுப்பைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டாலன்றி, அதனை அகற்றத் தொடங்க இயலாது.