எட்டுக் கிராம் செய்த ஜாலம்

வீடு கட்டுகிறவர்களுக்கு 'ஆங்கிள்' தெரியும், 'சானல்' தெரியும், 'கர்டர்' தெரியும். கடையில் போய் அளவைச் சொன்னால் எடை போட்டு விலையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், அதே சரக்கு கப்பலேறி வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினால், "நீ யார்?" என்று சுங்க இலாகா கேட்கிறது. பதிலைப் பொறுத்துத்தான் தீர்வை.

பதிலை மனம் போனபடி சொல்ல முடியாது. 1988-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த சர்வதேச அட்டவணை ஒன்று இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க ஸ்தாபனம் அதைப் பராமரிக்கிறது. நம் நாடும் அதைத்தான் அநுசரிக்கிறது. அதில் இரும்புக்கும் உருக்குக்கும் 72-வது அத்தியாயம். அவற்றால் செய்த சாமான்களுக்கு 73-வது.

அத்தியாயத்தைப் புரட்டினால் க்ஷேத்திர கணித வாத்தியார் எழுதியது போல் இருக்கிறது. உருக்கைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டுமாம். வட்டம், சதுரம், முக்கோணம் என்று எங்கும் உள்வாங்காத உருவம் தெரிந்தால் அது கம்பி. 'எல்', 'டி', 'யு', 'ஐ', 'எச்' என்ற எழுத்துக்களைப் போல் உள்வாங்கியிருந்தால் அது 'செக்ஷன்'. கான்கிரீட் கம்பியில் வரி வரியாக இருக்கிறதே என்கிறீர்களா? உருட்டும்போதே விழுந்த வரி என்றால் மன்னிப்பு உண்டு, அது கம்பிதான்!

வெப்பத்தில் உருட்டிய 'ஐ' உத்தரம் 79 மில்லிமீட்டர் உயரமானால் ஓர் எண், 80 ஆனால் வேறு எண். தகடுகளைப் பற்றவைத்து அதே உருவத்தைச் செய்தால் 73-வது அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. அளவாக வெட்டித் துளையிட்டு, கட்டடத்தில் பூட்டத் தயாராக வந்தாலோ அங்கேயே இன்னோர் எண். தண்டவாளத்துக்குத் தனி இடம்.

டன்னுக்கு ஒரு சிட்டிகை

உருவத்தையாவது கண்ணால் பார்க்கலாம், அளவுகோலை வைக்கலாம். உள்ளே கலந்திருப்பதை என்ன செய்வது? உருக்கில் 0.0008 சதவீதம் போரான் இருந்துவிட்டால் அது 'கலப்பு உருக்கு' என்கிறது அட்டவணை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டன்னுக்கு எட்டுக் கிராம்! ரஸத்துக்குப் பெருங்காயம்கூட இதைவிடத் தாராளமாகப் போடுகிறோம். இருந்தாலும் அந்த எல்லை அர்த்தமற்றதல்ல. முறைப்படி சேர்த்துப் பதமிட்டால், அந்தச் சொற்பமே உருக்குக்கு நல்ல கடினத்தைக் கொடுக்கும்.

சீன சர்க்கார் சாதாரண உருக்கின் பல ரகங்களுக்கு ஏற்றுமதி வரித் தள்ளுபடியை நிறுத்திவிட்டு, கலப்பு உருக்குக்குக் கொடுத்து வந்தது. உயர்ந்த ரகச் சரக்கு வெளியே போகட்டும் என்பது எண்ணம். ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கட்டடக் கம்பியிலும் தகட்டிலும் போரானைத் தூவினார்கள். வாங்குகிறவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பத்திரத்தில் மட்டும் 'கலப்பு உருக்கு'. மலிந்த விலையில் வந்து குவிந்த சரக்கோடு போட்டியிட முடியாமல் பிற நாட்டு ஆலைகள் திண்டாடின.

அமெரிக்காவில் வேறு விதமான சிக்கல். சாதாரணச் சீனத் தகட்டுக்கு அங்கே பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை இருந்தது. போரான் கலந்த தகடு வந்ததும், இது தீர்வையிலிருந்து தப்பும் வழியே என்று 2009-ல் அந்நாட்டு வர்த்தக இலாகா முடிவு செய்து, அதையும் தீர்வைக்குள் கொண்டுவந்தது.

கடைசியில் சீனாவே 2015 ஜனவரி முதல் தேதி போரான் உருக்குக்குத் தள்ளுபடியை ரத்து செய்தது. ஆலைகள் குரோமியத்துக்குத் தாவின! அதற்கு எல்லை 0.3 சதவீதம், டன்னுக்கு மூன்று கிலோ. செலவு கூடுதல்தான், ஆனாலும் கட்டுபடியாயிற்று.

அந்த வருஷம் செப்டம்பரில், 600 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள வெப்ப உருட்டுச் சுருள்களுக்கு நம் சர்க்கார் 20 சதவீதப் பாதுகாப்புத் தீர்வை விதித்தது. சாதாரண உருக்கு, கலப்பு உருக்கு இரண்டையும் சேர்த்தே உத்தரவில் எழுதினார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதிய உத்தரவு. 2021-ல் சீனா 146 ரகங்களுக்கு மே மாதமும், மேலும் 23 ரகங்களுக்கு ஆகஸ்டிலும் தள்ளுபடியை எடுத்துவிட்டது. அட்டவணையில் அந்த எட்டுக் கிராம் மட்டும் அப்படியே இருக்கிறது.