முக ரோலர் வியாபாரம்: விற்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் பூலாங்கிழங்கும் விற்ற அதே அலமாரியில் இன்று ஃபேஸ்வாஷ், சீரம், முக ரோலர் என்று புதுச் சாமான்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. "அண்ணாச்சி, முகத்தில் உருட்டுகிற கல் இருக்கிறதா?" என்று காலேஜ் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிற நம்மில் பலருக்கு, அதை எப்படி உபயோகிப்பது என்று கேட்டால் பதில் தெரியாது. நமக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமல் விற்றுப் பட்ட பாட்டையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஃபேன்சி சாமான் சப்ளையர் நம் கடைக்கு வந்தார். "அசல் ஜேட் கல். பரு போகும், சுருக்கம் போகும், முகம் வெளுக்கும்" என்றார். விலை சல்லிசாக இருந்ததால் 6 டஜன் வாங்கி, மளிகைச் சரக்கோடு சேர்த்து நம் வாடிக்கைக் கடைகளுக்கு அனுப்பினோம். 28 வருடமாக நம்மிடம் கொள்முதல் செய்யும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் 1 டஜன் எடுத்தார். அவர் ஊரில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். முகத்தில் பரு. கடைக்காரர் ரோலரைக் கொடுத்து, நாம் சொன்னதையே சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை காலையும் மாலையும் பருவின் மேலேயே அழுத்தி உருட்டியிருக்கிறது. பரு உடைந்து, சீழ் வைத்து, முகம் முழுக்கப் பரவித் தோல் டாக்டரிடம் போகும்படி ஆயிற்று.

பெண்ணின் தகப்பனார் சண்டைக்கு வரவில்லை. கடைக்கு வந்து, நோட்டைப் பார்த்து, பழைய பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். மளிகை லிஸ்ட் மட்டும் வேறு கடைக்குப் போய்விட்டது. "நீங்க சொன்னதைத்தானே அண்ணாச்சி நானும் சொன்னேன்" என்று அந்தக் கடைக்காரர் போனில் சொன்னபோது நம்மிடம் பதில் இல்லை. மீதிச் சரக்கை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப எடுத்துக்கொண்டோம். பண நஷ்டம் சிறியதுதான். போன பேர்தான் பெரிது.

இது என்ன சாமான்?

கைப்பிடியின் ஒரு முனையில் பெரிய உருளைக் கல், மறு முனையில் சிறிய உருளைக் கல். பெரியது கன்னம், நெற்றி, கழுத்துக்கு. சிறியது கண்ணடி, மூக்கோரத்துக்கு. இதன் கூடவே வரும் தட்டையான வளைந்த கல்லுக்குக் குவா ஷா என்று பெயர். இது சீன வைத்தியத்திலிருந்து வந்தது. அங்கே முதுகிலும் தோளிலும் தோல் சிவந்து புள்ளி விழும் அளவுக்குச் சுரண்டுவார்கள். முகத்தில் அப்படிச் செய்யவே கூடாது; மெல்ல வருட வேண்டும், அவ்வளவுதான்.

என்ன செய்யும், என்ன செய்யாது?

தூங்கி எழுந்ததும் முகமும் கண்ணடியும் சிலருக்கு உப்பியிருக்கும். தோலுக்கு அடியில் நீர் தங்குவதால் வருவது இது. குளிர்ந்த கல்லை மெல்ல உருட்டினால் அந்த நீர் நகர்ந்து, வீக்கம் சற்று நேரம் வடியும். ரத்த ஓட்டமும் கூடும். 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், கன்னத்தில் 5 நிமிடம் ரோலர் உருட்டியபின் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி, குறைந்தது 10 நிமிடம் அப்படியே இருந்தது. முகம் பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம். சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பருவைப் போக்காது. நிறத்தை மாற்றாது. சுருக்கத்தை அழிக்காது. இதை விற்கிறவர் வாயால் சொல்லிவிட வேண்டும்.

உபயோகிக்கும் முறை

முதலில் கையையும் முகத்தையும் கழுவித் துடைக்க வேண்டும். வறண்ட தோலில் கல்லை இழுக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டு போக 3, 4 சொட்டு எண்ணெயோ, கற்றாழை ஜெல்லோ, வழக்கமாகப் பூசும் க்ரீமோ தடவிக்கொள்ள வேண்டும். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்களுக்கு எண்ணெய்ப்பசை இல்லாத ஜெல் நல்லது. எதுவானாலும் புதிதாக வாங்கியதை முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போட வேண்டும்.

முதலில் கழுத்தில் மேலிருந்து கீழாக உருட்ட வேண்டும். பிறகு தாடையின் நடுவிலிருந்து காதுப் பக்கம். மூக்கோரத்திலிருந்து கன்னத்தின் வழியாகக் காதுப் பக்கம். கண்ணடியில் சிறிய கல்லால் உள்ளிருந்து வெளியே. நெற்றியில் நடுவிலிருந்து பொட்டுப் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் 5 முறை போதும். மொத்தம் 5 நிமிடம். சப்பாத்தி உருட்டுவது போல் அழுத்தக் கூடாது. கல்லின் எடையே போதுமானது. குளிர்ச்சி வேண்டுமானால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். தோலுக்கும் கேடு, கல்லும் விரிசல் விடலாம்.

முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு டப்பாவில் போட்டால் அழுக்கு சேரும், ஆணியும் துருப்பிடிக்கும். ஒருவர் உபயோகித்ததை இன்னொருவர் உபயோகிப்பதும் கூடாது.

பழுத்த பரு, புண், அரிப்பு, வெயிலில் சிவந்த தோல், உதட்டில் கொப்புளம் இருப்பவர்கள் அது ஆறும் வரை தொடவே கூடாது. முகத்தில் ஊசி சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே உபயோகிக்க வேண்டும்.

கல் அசலா என்று பார்ப்பது

முகத்துக்குக் கிடைக்கும் பலனில் ஜேட், கண்ணாடி, ஸ்டீல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வழுவழுப்பும் குளிர்ச்சியும் இருந்தால் போதும். ஆனால் ஜேட் என்று பேர் சொல்லி, ஜேட் விலை வாங்கினால் அது ஜேட்டாக இருக்க வேண்டாமா?

கத்தி முனையால் ஓரத்தில் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது மார்பிள் போன்ற மெதுவான கல், ஜேட் அல்ல. விழாவிட்டால் மட்டும் ஜேட் என்று முடிவு கட்ட முடியாது. பச்சைக் குவார்ட்ஸ் கல்லிலும் கீறல் விழாது. நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால், சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் பஞ்சில் பச்சை ஒட்டலாம்.

தட்டைக் கல்லாக இருந்தால் நம் கடைத் தராசே போதும். கல்லை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்துப் பாருங்கள். 60 கிராம் கல்லுக்குத் தராசு 20 காட்டினால் விடை 3. ஜேட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. 23 காட்டினால் விடை 2.6, அது குவார்ட்ஸோ வேறு கல்லோதான். நம்மிடம் மீதியிருந்த தட்டைக் கல்லை இப்படிப் பார்த்தபோது விடை 2.6 தான் வந்தது.

உருளை ஆடுகிறதா, கிறீச்சிடுகிறதா, கல்லின் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

பேக்கிங்கும் பில்லும்

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், விலாசம், எண்ணிக்கை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் எந்த நாடு என்பதும் வேண்டும். நாம் வாங்கிய 6 டஜனிலும் வெறும் பூப்படம்தான் இருந்தது. அப்போதே திருப்பியிருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. இல்லாத குணத்தைச் சொல்லி விற்பதற்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே சப்ளையரிடம் பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். நாளை நாம் யாரிடம் போய் நிற்பது?

இப்போதும் நம் கடையில் ரோலர் உண்டு. முழு விவரம் அச்சிட்ட பெட்டிச் சரக்கு மட்டும் வாங்குகிறோம். உபயோகிக்கும் முறையை ஒரு துண்டுத்தாளில் அச்சடித்து ஒவ்வொன்றோடும் வைத்து அனுப்புகிறோம். அதில் முதல் வரி: "பரு, புண் உள்ள முகத்தில் உபயோகிக்கக் கூடாது." இந்த வரியைப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் உண்டு. போகட்டும். அவர்கள் மறுநாள் பருப்பும் புளியும் வாங்க நம் ஆட்களின் கடைக்கே வருவார்கள்.

அந்தக் கிராமத்துக் கடைக்காரர் இன்றும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் புதிதாக எதைக் காட்டினாலும், "இது என்ன செய்யும், என்ன செய்யாது, இரண்டையும் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார். அவர் கேட்பது நியாயம். நாம் எல்லோருமே நம் சப்ளையரிடம் அப்படிக் கேட்கப் பழக வேண்டும்.