நெஞ்சுக்கும் ஸ்கேன் உண்டு

தோட்டத்திலே இருமலை யாரும் ஒரு சீக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. கால் உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இருமல் வந்தால் மட்டும், "இருமல்தானே, இஞ்சித் தண்ணி குடிச்சா போயிடும்" என்று சொல்லிக்கொண்டு காலைப் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து விடுகிறோம். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சே என்கிற பயம்தான் இதற்குக் காரணம். அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செபராங் பிறையிலே ஒரு தோட்டம். மருந்தடிக்கும் வேலை செய்த ஒரு தாய் மூன்று வாரம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். கேட்டபோதெல்லாம் மருந்துத் தண்ணி ஒரு போத்தல் கிடைத்தது. நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நிமோனியா, அதாவது நுரையீரல் காய்ச்சல் என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் பழைய தெம்பு திரும்பி வரவில்லை.

நெஞ்சுக்குள் இருப்பதை வெளியிலிருந்து அறிவது எப்படி? தகர டிரம்மைத் தட்டி, தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது என்று நாம் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அதே மாதிரி நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை அவுன்புருக்கர் என்ற வியன்னா டாக்டர் 1761-இல் எழுதி வைத்தார். 1816-இல் பிரான்சு நாட்டு லென்னெக் காதில் வைத்துக் கேட்கும் குழாயைக் கண்டுபிடித்தார். 1895-இல் எக்ஸ்ரே வந்தது. இன்றைக்கு இந்த வரிசையில் ஸ்கேனும் சேர்ந்திருக்கிறது.

இது நம் பெண்களுக்குப் புதிய மிஷின் அல்ல. பிள்ளைத்தாய்ச்சிகள் அரசாங்கக் கிளினிக்கில் வயிற்றின் மேல் பசை தடவி, திரையிலே பிள்ளையைப் பார்த்தார்களே, அதே ஸ்கேன்தான். அந்தக் கருவியை நெஞ்சிலும் முதுகிலும் விலாவிலும் வைத்துப் பார்த்தால் நுரையீரலின் நிலைமை தெரியும். சில நிமிட வேலை. எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. பச்சைப் பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பயமில்லாமல் எடுக்கலாம்.

காற்று நிறைந்த இடத்தில் ஸ்கேன் எடுபடாது என்று டாக்டர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். காற்றுக்குள் இந்த ஒலி அலை புக முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதையே ஓர் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு டாக்டர் லிக்டென்ஸ்டைன். நல்ல நுரையீரல் என்றால் திரையிலே படுக்கைக் கோடுகள் தெரியும். மூச்சு விடும்போது நுரையீரலின் உறை வழுக்கி நகர்வதும் தெரியும். உள்ளே நீர் கோத்தால், டார்ச் லைட் அடித்தது போல மேலிருந்து கீழே வெளிச்சக் கோடுகள் இறங்கும். நிமோனியா கண்டு சளி இறுகிப் போனால், அந்த இடம் ஈரலைப் போலக் கட்டியாகத் தெரியும்.

லிக்டென்ஸ்டைன் தம் முறையை 2008-இல் வெளியிட்டார். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஸ்கேனைக் கொண்டே காரணம் சரியாகத் தெரிந்தது. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிமோனியா உள்ள பெரியவர்கள் 100 பேரில் 94 பேரை ஸ்கேன் கண்டுபிடித்தது. ஆனால் அங்கே கருவியைப் பிடித்தவை நன்றாகப் பழகிய கைகள் என்பதை மறக்கக் கூடாது. 2020-இல் கோவிட் வந்த பிறகு பல நாடுகளில் வெளிநோயாளிகளுக்கும் இப்படிப் பார்த்தார்கள்.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. நுரையீரலின் நடு ஆழத்தில் இருக்கும் கோளாறு உறையைத் தொடாவிட்டால் திரையில் தெரியாது. அந்த வெளிச்சக் கோடுகள் இருதயம் பலவீனப்பட்டாலும் வரும். ஆகவே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், காய்ச்சலும் மூச்சு வாங்குதலும் நிற்காவிட்டால் மறுபடியும் போக வேண்டும். முக்கியமாக, காசநோயை ஸ்கேனை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். 2022-இல் மட்டும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், "சளியைச் சோதிச்சுப் பாருங்க டாக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். இதிலே வெட்கம் என்ன இருக்கிறது?

சம்பளம் போகுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் வருடத்து வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய சீக்கு லீவைக் கொடுத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்தில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. டாக்டர் கொடுக்கும் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நெஞ்சுப் படத்துக்காகச் சுங்கை பாக்காப்புக்கோ, கடல் தாண்டி ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போனால் ஒரு பொழுது முழுவதும் போய்விடுகிறது. பிள்ளையைப் பார்க்க வைத்திருக்கும் மிஷின் பக்கத்துக் கிளினிக்கிலேயே இருக்கிறது. நெஞ்சைப் பார்க்கவும் அங்குள்ள டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று சுகாதார இலாகாவைக் கேட்பது நியாயமான கோரிக்கை. தோட்டக் கமிட்டிகள் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். ஜார்ஜ்டவுனில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய பிளேக் மூச்சு வழியே தொற்றுகிறது என்று கண்டு, துணி மூடியால் மூக்கையும் வாயையும் மூடச் சொன்னார். ஒரே சுவரைப் பங்கு போட்டுக் குடியிருக்கும் லயத்துக்கு அந்தப் புத்தி இன்றும் பொருந்தும். இருமுகிறவர் வாயை மூடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

மூச்சு வாங்கினாலும், நெஞ்சு குத்தினாலும், சளியில் ரத்தம் கண்டாலும், பிள்ளைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலும் அன்றைக்கே புறப்படுங்கள், தோழர்களே! பால் மரத்தை நாளைக்கும் வெட்டலாம். நுரையீரல் போனால் வாங்குவதற்குக் கடை இல்லை.