பகு எண்ணா, பகா எண்ணா?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். அவ்வெண்ணை 1, 2, 3 எனப் பெருக்கிக்கொண்டே போகக் கிடைப்பவை அதன் மடங்குகள். காரணிகளுக்கு எல்லை உண்டு; மடங்குகளுக்கு முடிவில்லை. ஒன்றும் தானுமாக இரண்டே காரணிகள் உடையது பகா எண். இவையெல்லாம் பள்ளியிலேயே நாம் கற்றவை. ஆயினும், ஓர் எண் பகுபடும் என்று அறிவதும், அதன் காரணிகளைக் காண்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் பழைய வழியைக் காண்போம். 36இன் காரணிகளை இணை இணையாக எழுதினால் 1×36, 2×18, 3×12, 4×9, 6×6 என வரும். ஆறுக்கு மேல் போனால் அதே இணைகள்தாம் இடம் மாறி வரும். ஆகவே, ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2021ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கமூலம் 45க்குச் சற்றுக் குறைவு. 2 முதல் 43 வரை பகா எண்கள் பதினான்கு. முதற் பதின்மூன்றும் மீதி தருகின்றன. அத்துடன் நிறுத்திவிட்டால் ஏமாந்தோம்! பதினான்காவதான 43 சரியாக வகுக்கிறது: 43×47 = 2021. 2027ஐயோ இப்பதினான்கில் ஒன்றும் வகுப்பதில்லை. அது பகா எண்.

நூறு இலக்க எண்ணாயின் என் செய்வது? வர்க்கமூலமே ஐம்பது இலக்கம். நொடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் கணிப்பொறி, பிரபஞ்சம் தோன்றிய 1380 கோடி ஆண்டுகளாக ஓயாது உழைத்திருந்தாலும் அவ்வேலையில் அணுவளவும் முடித்திராது.

வகுத்துத் தேடாமலே விடை காண 1640இல் வழி காட்டியவர் பிரெஞ்சு நாட்டு ஃபெர்மா. ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128. இரண்டைக் கழித்தால் 126. அது 7ஆல் வகுபடும். எந்தப் பகா எண்ணுக்கும் இவ்வாறே நிகழும். ஒன்பது இரண்டுகளைப் பெருக்கி இரண்டைக் கழித்தால் 510. 9ஆல் வகுக்க 6 மீதி. ஆகவே 9 பகா எண் அன்று. கவனியுங்கள்: 3 என்னும் காரணியை நாம் தொடவே இல்லை!

ஆனால் இச்சோதனையை ஏமாற்றும் போலிகளும் உண்டு. இராமானுஜனால் புகழ்பெற்ற 1729 அவற்றுள் ஒன்று. அது 7×13×19. ஒவ்வொரு காரணியிலும் ஒன்று குறைத்தால் 6, 12, 18. மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுக்கும். இதன் பயனாக, இரண்டுக்குப் பதில் எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் 1729 பகா எண் போலவே நடிக்கும். இத்தகைய போலிகள் முடிவின்றி உள்ளன என்று 1994இல் நிறுவினர்.

எல்லா எண்களுக்கும் ஐயமற்ற விடையை விரைவாகத் தரும் சோதனை 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அங்கு அப்போதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்னும் இருவரும். ஏறக்குறைய என் வயதினர் என்பதால் எனக்குப் பெருமிதம் சற்று மிகுதி. பாஸ்கல் முக்கோணத்தில் 7க்குரிய வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1. ஓரத்து ஒன்றுகள் நீங்கலாக அனைத்தும் 7ஆல் வகுபடும். 9க்குரிய வரிசையில் வரும் 84, 9ஆல் வகுபடாது. பகா எண்ணுக்கே உரிய இப்பண்பை எந்தப் போலியாலும் நடிக்க இயலாது. வரிசை முழுவதையும் எழுதாமல் சுருக்கமாகவே சோதிக்கலாம் என்று நிறுவியது மூவரின் சாதனை. நடைமுறையில் இதனினும் விரைவான, மிகச் சிறு ஐயத்துக்கு இடமளிக்கும் சோதனைகளே பெரிதும் பயன்படுகின்றன.

ஆனால், பெரிய எண்களின் காரணிகளை விரைவாகக் காணும் பொதுவழி சாதாரணக் கணிப்பொறிகளுக்கு இன்றும் கிட்டவில்லை. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது நொடிப்பொழுது வேலை. பெருக்கற்பலனிலிருந்து அவற்றை மீட்பதோ மலையைப் பெயர்ப்பது போன்றது. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைமொழி முறை இவ்வேற்றுமையையே நம்பி நிற்கிறது. எளிய வழியொன்றை எவரேனும் கண்டுவிட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

ஆர்வமுள்ள நண்பர்கள் 561ஐப் பகுத்து, ஒவ்வொரு காரணியிலும் ஒன்று குறைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு போலியே என்பது தானே விளங்கும்.